பாத்திரத்தில் மிஞ்சியது

காசநோய் சானடோரியத்தில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் என் கைப்பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், "இன்னும் ஒரு டெர்ம் ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றார்கள். சிட்லபாக்கத்தில் அண்ணன் வீட்டில் தங்கினேன். அண்ணி நல்லவள்தான், என் தட்டையும் டம்ளரையும் மட்டும் சமையலறைக்கு வெளியே ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். அறுபதுகளில் அந்த நோய்க்கு எல்லா வீட்டிலும் அதுதான் மரியாதை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து. எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சை ரசம். போதகர் ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்து, ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே வருவார். என் பக்கத்தில் முழங்காலிட வந்தவர்கள் நைசாக நழுவுவதை முதல் மாதமே கவனித்துவிட்டேன். யாருக்கும் தொல்லை வேண்டாம், இனி கடைசி ஆளாகப் போகலாம் என்று தீர்மானித்தேன். எனக்குப் பிறகு அந்தக் கிண்ணத்தில் யாரும் வாய் வைக்க மாட்டார்கள் அல்லவா? பெரிய தியாகி என்ற நினைப்பு வேறு. ஜெபம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் கோபம் மட்டுமே வந்தது.

நான்காவது மாதம் ரசத்தை வாங்கியபின் எழுந்திருக்க முடியவில்லை. வழக்கமாகத் தலைகுனிந்தபடி இடத்துக்குத் திரும்பிவிடுகிறவள், அன்று பீடத்துக்கு முன்னாலிருந்த மரக்கிராதியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். போதகர் கிண்ணத்தைத் தூக்கி, நான் குடித்து மிஞ்சியதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

ஆசீர்வதித்த ரசத்தை மீதம் வைக்கக்கூடாது, போதகரே குடித்து முடிக்கவேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம் எப்படி என் புத்தியில் ஏறாமல் போனது! சபையையே காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டியிருக்கிறேன். முப்பது வயதுகூட ஆகாதவர். முதல் பெஞ்சில் அவர் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் காகிதத்தை மற்றவர்கள் நம்பாதது இருக்கட்டும், நானே நம்பவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவர் அங்கி மாற்றும் அறைக்குப் போனேன்.

"ஐயா, நான் ஏன் கடைசியா வர்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே தெரிஞ்சுது டீச்சர்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க? வீட்ல குழந்தை இருக்கே!"

அவர் அங்கியை மடித்துக்கொண்டே இருந்தார். "பயமாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் குழந்தையைத் தூக்கறதில்ல."

"அப்ப நான் இனிமே வரலை."

"வாங்க டீச்சர்" என்றார்.

அடுத்த மாதம் நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையும் போய்த் திரும்பியது. அவர் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. கிராதிக்கு அந்தப் பக்கம் அதை ஏந்தியபடி நின்றார். பாட்டு முடிந்தது, ஆர்கனும் நின்றது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

பலம் வந்து எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் முழங்காலிட்டேன். குடித்தேன். 'ஆண்டவரே, இவருக்கு ஒன்றும் வரக்கூடாது.' பதினாறு மாதத்தில் எனக்கு வந்த முதல் ஜெபம் அது.

மிச்சத்தை அவர் குடித்தார். அவர் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்காக அவளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து, ஜன்னல் திட்டிலிருந்த என் டம்ளரில் தண்ணீர் குடித்தேன். கழுவி, மறுபடியும் அங்கேயே கவிழ்த்து வைத்தேன்.