தலைவி அக்காவின் நீலக் கதிரை

எங்கள் ஆஸ்பத்திரிக் கந்தோர்ச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. வீட்டு வாசலில் நீல நிற பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, வேலிப் படலைப் பக்கம் பார்த்தபடி ஒரு பெண் இருக்கிறார். கதிரையின் ஒரு கை உடைந்துபோய், வலை பொத்துகிற தங்கூசி நூலால் வரிந்து கட்டப்பட்டிருக்கிறது. படத்தின் கீழே 'மகனுக்காக விழித்திருக்கும் தாய்' என்று எழுதியிருக்கும். படலையடியில் நின்று கைபேசியில் அந்தப் படத்தை எடுத்தவள் நான். அந்த வரியை எழுதியவளும் நான்தான். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

விடத்தல்தீவுக்குப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் அவர் மாதர் சங்கத் தலைவியாக இருந்தார். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் 'தலைவி அக்கா'. வாய்க்குப் பயப்படாத மனுசி. நிவாரணப் பதிவுக்கு வந்த ஓர் அதிகாரி பெண்களைப் பாதி நாள் முற்றத்தில் நிற்க வைத்தபோது, "ஐயா, நாங்கள் மீனில்லை, வெயிலில காயப்போட" என்று சொல்லி, ஆளைக் கதிரையை விட்டு எழும்ப வைத்தவர். புருசன் யுத்தத்துக்கு முன்பே கடலில் போய்விட்டார். இருந்த ஒரே மகன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனான். அவன் எங்கே என்று கேட்க இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். எந்த விசாரணைக்கும், எந்தக் கூட்டத்துக்கும் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சில மாதப் பயிற்சி, ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. சொல்ல முடியாத துக்கம் பெண்களின் உடம்பில் நோவாக வரும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அது பொய்யில்லை. அப்படி வந்த எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் அழுதுவிட்டு, தலையிடி குறைந்து போயிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பகுதியில் ஆளைத் தொலைக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெஞ்சு நோகுது, களைக்குது, நித்திரை இல்லை என்று எந்தப் பெண் வந்தாலும், டொக்டர் முதல் கேட்கிற கேள்வி, "வீட்டில ஆரும் காணாமற்போனதோ?" என்பதாக இருந்தது. ஓம் என்று விட்டால் அதற்குமேல் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதில்லை. நேரே என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

தலைவி அக்காவும் அப்படித்தான் வந்தார். இருமல், நடந்தால் இளைப்பு. நான் அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கி, முதற்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'மகன் காணாமற்போனவர். அதிக யோசனை' என்று எழுதினேன். அவரை அடுத்தடுத்துப் பார்க்கிற டொக்டர்மார் மகனைப் பற்றிக் குடைந்து கேட்டு நோகப்பண்ணக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதினேன். டொக்டர்மார் வந்தார்கள், மாறிப் போனார்கள். ஒவ்வொருவரும் கொப்பியைத் திறந்தார்கள், சிவப்பு எழுத்தை வாசித்தார்கள், "யோசிக்காதேங்கோ அம்மா" என்றார்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போக ஒருவருக்கும் தேவை வரவில்லை.

நான் என் பங்குக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, நாலு வரைக்கும் எண்ணச் சொன்னேன். இரண்டோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாலு மட்டும் போக மூச்சிருந்தா, நான் ஏன் பிள்ளை உன்னட்ட வாறன்?"

நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சேர்ந்து சிரித்தேன்.

நோயாளர் காத்திருக்கிற வாங்கில் ஒருநாள் அவருக்குப் பக்கத்தில், நாலு படகு வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து இருந்தார். ஆஸ்பத்திரியே ஓடியது. உடனே ஈ.சி.ஜி., கையில் ஊசி, அம்புலன்சில் மன்னார் பட்டினத்துக்கு. அவரிடம் ஒருவரும் வீட்டுத் துக்கத்தை விசாரிக்கவில்லை. இத்தனைக்கும் அவருடைய தம்பியும் காணாமற்போனவன்தான். மத்தியானம் பொரித்த இறால் செய்த வாயுக் கோளாறு என்று சொல்லி, பின்னேரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நன்றாக இருக்கட்டும், இன்றைக்கும் இருக்கிறார். அன்றைக்குத் தலைவி அக்காவுக்குக் கிடைத்தது பத்து பனடோலும் என் அறையும்.

கோயிலில் செபமாலை சொல்லும்போது 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிடுவார். மகன் நினைவில் தொண்டை அடைக்கிறது என்று மற்றப் பெண்கள் கண் கலங்கி மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்கள். இரவில் படுக்காமல் வாசலில் கதிரையைப் போட்டு விடியும்வரை இருக்கிறார் என்று ஊரெல்லாம் கதை. மகன் எந்த நேரமும் வரலாம் என்று காத்திருக்கிறாராம். இதைக் கேட்டுத்தான் நான் ஒரு காலையில் வீடு தேடிப் போய்ப் படம் எடுத்தேன். எடுத்து முடிந்ததும் அவர் சொன்னார்:

"படுத்தா நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை. இருந்தாத்தான் மூச்சு வருது."

அந்த வசனத்தை அப்படியே அறிக்கையில் எழுதினேன். தாயின் நெஞ்சில் ஏறியிருக்கும் துக்கம் என்று அதற்கு விளக்கமும் எழுதினேன். அறிக்கை நன்றாக இருக்கிறது என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது அப்போதுதான்.

ஒருமுறை அவருக்குக் கோபமே வந்தது. மகனைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அவனை நினைச்சு அழுகிறது வேற. இது வேற. ரெண்டும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதோ?" என்றார். மறுத்துப் பேசுவதும் துக்கத்தின் ஒரு கட்டம் என்று நான் படித்திருந்தேன். படித்ததைக் குறிப்பில் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவ மாதுதான் வேலிக்கு மேலால் அவருடைய கால்களைக் கண்டார். உள்ளே வந்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினார். விழுந்த குழி விழுந்தபடியே கிடந்தது. "கொப்பி வேண்டாம், அதை இஞ்சயே வைச்சிட்டு வாங்கோ" என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றி, நேரே மன்னாருக்குக் கொண்டுபோனாராம். விஷயம் கேள்விப்பட்டு நான் பின்னால் ஓடினேன். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் சுருங்கி, நீர் நுரையீரலில் தேங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் என்னிடம் கேட்டார்: "படுத்தா மூச்சு முட்டுது எண்டு இவ ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

"சொன்னவ" என்றேன்.

முன்னமே வந்திருந்தால் வால்வை விரித்திருக்கலாம், இப்போது உடம்பு தாங்காது என்றார்கள். மருந்தில் நீர் கொஞ்சம் இறங்கிய ஒரு மத்தியானம் நான் வார்டுக்குப் போனபோது, அவர் ஒற்றைத் தலையணையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "படுத்தனான் பிள்ளை! பார், படுத்தே கிடக்கிறன்" என்றார். என் மேல் அவருக்கு ஒரு சொட்டுக் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு என் கையைப் பிடித்து, "நான் போயிட்டா அவனைக் கேக்க ஆர் இருக்கினம்? சாகேலாது பிள்ளை எனக்கு" என்றார். நாலாம் நாள் செத்துப்போனார்.

அந்த நீலக் கதிரை இப்போதும் அந்த வாசலில்தான் இருக்கிறது. எடுக்க ஆள் இல்லை. வழியால் போகிறவர்கள் அதைக் காட்டி, மகனைப் பார்த்துப் பார்த்தே உயிரை விட்ட மனுசி என்கிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். அவர்களுக்குக் கதைதான் பிடித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவள் நானாயிற்றே, யாரைக் குறை சொல்வது? இப்போது என் அறைக்கு வருகிற பெண்களிடம் காணாமற்போனவர்களைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கிறேன். காலைக் காட்டச் சொல்கிறேன். பதிலில் சந்தேகம் வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஈ.சி.ஜி. எடுக்கும்வரை டொக்டரின் வாசலை விட்டு நகர்வதில்லை.

படத்தை மட்டும் கழற்றவில்லை. எல்லாம் அதிலேயே இருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வீங்கிய கால் நுழைவதற்காகச் செருப்பு வாரை வெட்டி விட்டிருக்கிறார். கதிரையின் கையில் ஊன்றி, தோளைத் தூக்கி மூச்சை இழுக்கிறார். போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"பாவம், என்ன பார்வை! மகன் வருவான் எண்டுதானே பாத்துக்கொண்டிருக்கிறா?"

"இல்லை மிஸ்," என்றேன். "படலையில நிண்டது நான். என்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா."