சாமான் பிளேன்

பதினேழு வயதில் எனக்கு விமானங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. எங்கள் ஊர் உடுப்பிட்டியில் ஒழுங்கைச் சனம் முழுவதும் அதை நம்பியதுதான் வினையாகப் போனது.

யுத்தகாலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். ஊசியைக் கடைசிவரை தள்ளினால் சில வேளை விமானிகள் கதைப்பது கேட்கும். பலாலி முகாமுக்கு அரிசியும் மாவும் ஆமிக்காரரும் கொண்டுவரும் பெரிய விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புப் பெயர் இருந்தது. ஒன்று தன்னைப் ‘பெலிக்கன்’ என்று சொல்லும். தாழப் பறக்கும்போது வாலில் இலக்கமும் தெரியும். எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இரைச்சல் கேட்டதும் அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டி, “தம்பி, சாமானோ, குண்டோ?” என்பார்கள். “சாமான்” என்று நான் சொன்னால் பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓடாமல் உலையைப் பார்க்கப் போவார்கள். பெரிய விண்ணன்தான் நான்!

அன்று காலை தங்கச்சி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் கேட்டு ஓட எழுந்தாள்.

“இருந்து தோய். உது சாமான் பிளேன்” என்று கத்தினேன்.

ரேடியோவில் கேட்டது பெலிக்கன்தான். வாலிலிருந்த இலக்கமும் சரி. முந்தின நாள் மா கொண்டுவந்த அதே விமானம். ஆனால் அன்று காலை அதன் பின்கதவால் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். மா ஏற்றுகிற விமானத்தில் குண்டையும் ஏற்றலாம் என்று என் கொப்பிக்குத் தெரியவில்லை.

ஒன்று கிணற்றடியில் விழுந்தது. தங்கச்சிக்குப் பதினான்கு வயது.

செத்தவீட்டில் அம்மா, “பங்கருக்கு ஓடிவா எண்டால் ஒருநாளும் கேளாள்” என்று தலையிலடித்து அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக, யார் கேட்டாலும் அம்மா அதையே சொல்லிவந்தாள். என் சொல்லைக் கேட்டதால் செத்தவளுக்குச் சொல்வழி கேளாதவள் என்ற பெயர். அது தெரிந்தும் பேசாமல்தான் இருந்தேன், கோழை.

இந்த வருடத் திவசத்துக்கு வந்த ஒருவரிடமும் அம்மா அதையே சொன்னாள். அவர் போனபின் நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“அம்மா, அவள் ஓடத்தான் எழும்பினவள். நான்தான் இரு எண்டு சொன்னனான்.”

அம்மா நிமிராமல் என் இலையில் கறியை வைத்தாள்.

“தெரியும் தம்பி. நீ கத்தினது குசினியில் சமைச்சுக்கொண்டு நிண்ட எனக்கும் கேட்டது. அதைக் கேட்டுத்தான் நானும் பங்கருக்குப் போகாமல் நிண்டனான்.”

“பிறகேனம்மா இவ்வளவு காலமும் அவளைக் குறை சொன்னனீங்கள்?”

“உன்னை ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது எண்டுதான். அவள் போயிட்டாள். நீ இருக்கவேணுமே.”