படுதாவுக்குக் கீழே கரும்புச் சோகை

பாலத்தைச் சோதிப்பதற்காகக் கொண்டுபோன பாரத்தில் பாதியை நான் வழியிலேயே கொட்டிவிட்டேன்.

இதுதான் நான் செய்தது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மணலூர்பேட்டைப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டிப் பெண்ணையாற்றைக் கடக்கிற நெடுஞ்சாலைப் பாலத்தில் நீங்கள் எப்போதாவது பஸ்ஸில் போயிருக்கலாம். சன்னலோரம் உட்கார்ந்து ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்திருக்கலாம்... அப்படியானால் நீங்கள் என்னை நம்பித்தான் போயிருக்கிறீர்கள். என் முகம் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் என்னை நம்பித்தான்!

என் பெயர் அந்தோணி. சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்து ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறுவதில்லை. ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழாவுக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். குடித்ததைச் சொல்லியிருக்கிறேன். மனைவி லூர்துவைக் கைநீட்டி அடித்ததைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ‘முதலில் போய் அதிகாரியிடம் சொல், பிறகு என்னிடம் வா’ என்பார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை எங்கேயும் போகச் சொல்ல மாட்டீர்கள்.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் அந்தப் பாலம் அடிபட்டது. நடுத்தூணின் அடிமண்ணை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. கரையில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மேல்தளம் ஓரிடத்தில் நாலு விரற்கடை இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சத்தம் பெரிதாக இல்லை. வீட்டில் கனமான பீரோவை நகர்த்தும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலையே இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டைகளைப் போட்டுப் பாலத்தை மூடினார்கள். திருவண்ணாமலைக்குப் போகிற பஸ்களெல்லாம் திருக்கோவிலூரைச் சுற்றிக்கொண்டு போயின.

எங்கள் தெருவில் விக்டோரியா அக்கா என்று ஒருவர் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவர். வாரம் இருமுறை திருவண்ணாமலைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். சுற்றுவழியில் குலுங்கிக் குலுங்கிப் போய்வர அவர் உடம்பு தாங்கவில்லை. வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார். சித்திரை பிறப்பதற்குள் போய்விட்டார்.

அவர் கணவர் சூசை மாமாதான் பாலத்தைச் சீக்கிரம் திறக்கச் சொல்லிச் சாலை மறியலுக்கு ஆள் சேர்த்தவர். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோஷம் போட்டேன். ‘திற, திற, பாலத்தைத் திற!’ தொண்டை கட்டும்வரை கத்தினேன். அது நடிப்பல்ல. பாலம் திறக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். திறந்தபின் அதன்மேல் நான் போக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போட்டார்கள். ஆனால் திறப்பதற்குமுன் ஒரு சோதனை உண்டு. நான்கு டிப்பர்களில் கல் அரைத்த கிரஷர் துகளை நிரப்பி, எடை போட்டு, பழுதுபார்த்த இடத்தின்மேல் சுண்ணாம்பில் குறித்த குறிகளில் நிறுத்த வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு அப்படியே நிற்கும். அதற்குள் தளம் எவ்வளவு வளைகிறது, வண்டிகளை எடுத்தபின் பழையபடி நிமிர்கிறதா என்று பாலத்தின் அடியில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். மூட்டை தூக்க வருகிறவனின் முதுகில் முதலில் ஒரு மூட்டையை ஏற்றிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

நெடுஞ்சாலைத் துறையினர் வண்டி கேட்டு வந்தார்கள். சூசை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன். என் வண்டிக்கு நடுக்குறி கிடைத்தது. நாலு விரற்கடை இறங்கியதே... சரியாக அந்த இடம்!

என்னைக் கோழை என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலை ஏற்றத்தில், கொட்டுகிற மழையில், ஒரு பக்கம் அதலபாதாளமாக இருக்க, பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டியவன் நான். ஆனால் மலையில் ஸ்டியரிங் என் கையில் இருந்தது. பாலத்தில் என் கையில் என்ன இருக்கிறது?

தியாகதுருகத்துப் பக்கம் எடைமேடையில் எடை போட்டார்கள். எடை சரியாக இருந்தது. நான்கு வண்டிகளும் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பின. நான் கடைசி. வழியில் அறுவடை முடிந்த ஒரு கரும்புக் கொல்லை. உரித்துப்போட்ட கரும்பிலைச் சோகை காய்ந்து குவியல் குவியலாகக் கிடந்தது. வண்டி அங்கே தானாக நின்றது என்று சொல்ல ஆசைதான். இல்லை... நான்தான் நிறுத்தினேன். பின்கதவைத் தளர்த்தித் தொட்டியைத் தூக்கினேன். பாதித் துகள் சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தைச் சோகையால் நிரப்பினேன். மேலே நாலு கூடைத் துகளை வாரி இறைத்து, படுதா போட்டு இறுக்கிக் கட்டினேன். பட்டப்பகல். யாராவது வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? ஒருவரும் வரவில்லை.

பாலத்தில் ஓர் இளம் பொறியாளர் நின்றிருந்தார். பெண். வெயிலில் முகம் கறுத்திருந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

“லோடு ஃபுல்லா இருக்குதில்லண்ணே?”

“ஃபுல்லுதாம்மா. எட போட்டுத்தான கொண்டாந்தோம்.”

அவர் படுதாவைப் பார்த்தார். பிறகு டயர்மேல் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்தார். ஏறிப் பார்க்கப் போகிறார்!

“ஏறாதீங்கம்மா. டயருல ஒரே சேறு. துணியெல்லாம் பாழாப் பூடும்.”

காலை எடுத்துவிட்டார். “தேங்க்ஸ்ண்ணே” என்று சிரித்தார். வண்டியின் பாரம் தாங்கும் வில்பட்டைகள் அழுந்தாமல் நிமிர்ந்து நின்றதைக் கவனித்திருந்தாலே போதும், குட்டு உடைந்திருக்கும். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். அண்ணன் முகம்போல இருந்திருக்கும்.

பாரத்தைக் குறைத்தது பெரிய தவறா, ‘ஏறாதீங்கம்மா’ என்ற இந்தச் சொல் பெரிய தவறா? எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒருநாள் அந்தப் பாலம் விழுந்தால் முதலில் கை காட்டப்படுகிறவர் அந்தப் பெண்தான். வேலை போகும். வழக்கு வரும். ‘சரியாகச் சோதிக்காமல் திறந்தவள்’ என்று உலகம் சொல்லும். துணி பாழாகிவிடும் என்று சொல்லித் தடுத்த டிரைவரை அவருக்கு நினைவிருக்குமா?

பாலம் சோதனையில் தேறியது.

திறந்த அன்று வெடி வெடித்தார்கள். வண்டி கொடுத்த நான்கு பேரையும் நிற்கவைத்துச் சூசை மாமா துண்டு போர்த்தினார். என்னிடம் வந்தபோது அவர் உதடு துடித்தது.

“அந்தோணி, நீங்கள்லாம் வண்டி குடுக்கலன்னா இன்னும் மூடிக்கினுதான்டா கெடந்திருக்கும். ஒங்க அக்காவுக்குத்தான் குடுத்து வைக்கல...”

என் தோளில் முகம் வைத்து அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது போலவே இருக்காதே, அப்படி ஆகிவிட்டது. அந்த மரப்பு இன்றுவரை விடவில்லை.

ஆனாலும் ஓர் ஆறுதல் இருந்தது. என் வண்டி ஒன்றில்தானே குறைவு? மற்ற மூன்றும் நிறைந்துதானே நின்றன! பொறியாளர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வைத்துத்தானே கணக்குப் போடுவார்கள்! பாலம் நன்றாகவே இருக்கலாம். நன்றாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை வைத்தார்கள். தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவன் நான். இதை நினைக்காதவரை இரவில் தூக்கம் வந்தது. பாரத்தோடோ கூட்டமான பஸ்ஸிலோ நான் அந்தப் பாலத்தில் ஏறுவதில்லை. திருக்கோவிலூரைச் சுற்றித்தான் போவேன். கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் சொல்வேன்.

அந்த ஆறுதலும் போன ஆண்டு போயிற்று.

சங்கராபுரத்தில் ஒரு டீக்கடையில் காதர் பாயைப் பார்த்தேன். மணலூர்பேட்டையில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். அன்று பாலத்தில் நின்ற நான்கு வண்டிகளில் ஒன்று அவருடையது. அவரே ஓட்டிவந்திருந்தார்.

“இன்னா அந்தோணி, இன்னும் பாலத்து மேல லோடு ஏத்தாம சுத்திக்கினு போறியாமே? டீசலு ஒனக்கு ஜாஸ்தியா இருக்குதா?”

“அந்த ரோடு பழகிடுச்சு பாய்.”

அவர் சிரித்தார். கிளாஸை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“பயம்தான? எனக்கு மட்டும் இல்லியா? டெஸ்ட்டு அன்னிக்கு நானே கொஞ்சம் எறக்கிட்டுத்தான்யா வந்தேன். புது வண்டியாச்சே! மத்த மூணும் ஃபுல்லா நிக்கிது, நம்மளது கம்மியா இருந்தா இன்னா ஆயிடப்போவுது?”

அது என் வாக்கியம். நான் இரவில் எனக்கு மட்டும் சொல்லிக்கொள்கிற வாக்கியம், டீயோடு சேர்ந்து அவர் வாயிலிருந்து வருகிறது! என்னை நம்பி அவர் இறக்கியிருக்கிறார். அவரை நம்பி நான் இறக்கியிருக்கிறேன்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. “அதுவும் சரிதான் பாய்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மற்ற இரண்டு டிரைவர்கள் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம்.

சொல்லேன், இப்போதாவது அதிகாரியிடம் போய்ச் சொல்லேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் அன்றைக்கே பாலத்தை மூடுவார்கள். மறுபடி சுற்றுவழி. மறுபடி எந்தத் தெருவிலோ ஒரு விக்டோரியா அக்கா. சூசை மாமா என் வாசலில் வந்து நிற்பார்... இந்த நியாயத்தை நான் அழகாகப் பேசுவேன். பேசிப் பேசிப் பழகிவிட்டது. மற்றவர்களுக்காகவே வாயை மூடிக்கொண்டிருப்பதுபோல எனக்கே தோன்றும். மெய்யாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்த ஆனியில் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகன், சகாயம். தை மாதம் அவனுக்குத் தனியார் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை. மாதாவுக்கு லூர்து மெழுகுவத்தி ஏற்றினாள். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று நான் அவனைக் கேட்கவில்லை. எத்தனை நடையானாலும் எல்லாம் அந்தப் பாலத்தின் வழிதான்.

ஆனியில் ஒருநாள், அவனிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் லூர்து இருப்பாள். அதனால் சங்கராபுரத்தில் அவன் பஸ்ஸிலேயே ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். மலையிலிருந்து புளிக்கூடைகளோடு இறங்கி வந்த பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு புதுத் தாய். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல் உட்காரவைத்தார்.

“இன்னாப்பா அதிசயமா இருக்குது? நீ இந்தப் பக்கம் பஸ்ஸுலகூட வர மாட்டியே!” சகாயம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். நன்றாக ஓட்டுகிறான். என்னைவிட நிதானம்.

“ஒண்ணு சொல்லணும்டா.”

“சொல்லுப்பா.”

மணலூர்பேட்டை தாண்டியது. சொல் வாய்க்கு வரவில்லை. எங்கள் ஊர் எல்லையும் தாண்டியது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. என்ஜின் சூடு என் தொடையைச் சுட்டது. அப்போது என் வாய் திறந்தது.

“நிறுத்துடா!”

அவன் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

“இன்னாப்பா? ஒடம்புக்கு முடியலியா?”

“வயித்தக் கலக்குதுடா. நான் எறங்கிக்கிறேன். நீ போ.”

இறங்கினேன். தண்ணீர் பாட்டிலை சன்னல் வழியாக என் கையில் கொடுத்தான். “நெழலாப் பாத்து ஒக்காருப்பா. திரும்பி வரச்சொல்லோ ஏத்திக்கினு போறேன்” என்றான். என் இடத்தில் புளிக்கூடைக்காரப் பெண் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பாலத்தில் ஏறியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்புக் குறி இருந்த இடத்தைத் தாண்டியது. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்றும் ஆகவில்லை.

நான் ஒரு வார்த்தை சொன்னால் காரணம் கேட்காமல் பஸ்ஸை நிறுத்துகிற பிள்ளை அவன். பாலத்துக்கு முன்னால், அத்தனை பேரோடும் அவனை நிறுத்திவிட்டேன். பிறகு நான் மட்டும் இறங்கிக்கொண்டேன்.