பொம்மைச் சம்பந்தம்

என் மகள் செல்விக்கு ஐந்து வயதாகியும், யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள். அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஒருநாள் இரண்டு துணிப் பொம்மைகளோடு வந்தார். மாப்பிள்ளைப் பொம்மையின் காலில் தோல் துண்டில் தைத்த குட்டிச் செருப்பு இருந்தது. பெண் பொம்மையைச் செல்வியின் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வாணியம்பாடியிலேர்ந்து ஜட்கா வண்டி கட்டிக்கினு வந்திருக்கோம். உங்க பொண்ண எங்க பையனுக்குக் குடுப்பீங்களாம்மா?"

"குடுக்கிறோம்னு சொல்லுடி" என்றேன் நான்.

"நீ இன்னாத்துக்குப் பேசுற? பொண்ணோட அம்மா அவதானே!" என்று என்னை அடக்கிவிட்டு, அக்கா காத்திருந்தார். தெருவில் தோல் ஏற்றிய மாட்டுவண்டி வந்து, கடந்து, முனை திரும்பியும் போய்விட்டது. அவர் முகத்தில் அவசரமே இல்லை. அப்படியொரு பொறுமையை நான் எங்கும் பார்த்ததில்லை.

செல்வி மாப்பிள்ளையின் காலையே பார்த்தாள். "எங்க பொண்ணுக்குச் செருப்பு எங்க?"

"அடடே, மறந்துட்டோம்மா! இன்னா கலர்ல வேணும்?"

"செவப்பு. தச்சி எடுத்துனு வாங்க, அப்புறம் குடுக்கிறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, இப்ப நீ பேசு."

ஐந்து வருஷமாக அவளுக்காக ஓயாமல் பேசிய நான், பெண் பொம்மையின் காலை அளக்க ஒரு நூல் எடுத்து வந்தேன்.