பதினான்காம் கணக்கின் இரண்டாவது வரி

ஜொவிட்டா சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒரு கணக்குக்கு நாலு வரி, நாலு சமக்குறி. ஒன்று அரை எழுத்து விலகினாலும் படிக்கிற பிள்ளையின் கண் வழுக்கிவிடும்.

சாந்தோமில் இரண்டாம் மாடி வீடு. ஆழ்வார்பேட்டைப் பதிப்பகம் ஒன்றுக்காக ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா புத்தகத்தை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவந்தாள். பதிப்பகம் அச்செடுத்து அனுப்பும் தாள்களில் பிழை தேடி புரூஃப் பார்ப்பவர் அவள் கணவர் ஃபிரெட்ரிக். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குளியல், மாத்திரை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கை வேண்டும். புரூஃப் ஒன்றுதான் அவர் வேலையாக மிஞ்சியிருந்தது. இடது கையால் பச்சை மையில் டிக் போடுவார்.

பதிப்பகத்திலிருந்து சாருலதா போன் செய்தாள்.

"மேடம், பதினாலாம் கணக்கு, ரெண்டாவது வரி பாருங்க. சார் டிக் போட்டிருக்கார்."

பார்த்தாள். 5x − 8 = 3x + 2. அடுத்த வரியில் 2 + 8 என்று வரவேண்டும். 2 − 8 என்று இருந்தது. காரணம் உடனே புரிந்தது. முந்தின கணக்கை அப்படியே காப்பி எடுத்து எண்களையும் குறிகளையும் மாற்றுவது அவள் வழக்கம். இந்த வரியில் எண்களை மாற்றியவள் குறியை மாற்றாமல் விட்டுவிட்டாள்.

இப்படி வாரத்துக்குப் பத்து தப்பு வரும். முன்பெல்லாம் அவர் ஒவ்வொன்றையும் பிடித்து, பக்கத்தில் ஒரு முட்டை வரைந்து அனுப்புவார். பிப்ரவரியிலிருந்து அவர் பார்த்து அனுப்பிய இருபத்திரண்டு தாள்களின் நகல்களையும் எடுத்துப் புரட்டினாள். ஒரு முட்டைகூட இல்லை. தன் கை சுத்தமாகிவிட்டதென்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

பதிப்பகத்தில் சொன்னால் அவருக்கு இருந்த ஒரே வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் தப்புக் கணக்கு பிள்ளைகளிடம் போகும்.

"என்னங்க, இதை இன்னொரு தடவை பாருங்க."

"சரிதான். என்ன சந்தேகம்?"

"ரெண்டாவது வரி."

"கணக்கு வாத்தியாருக்கே டெஸ்ட் வெக்கிறியா? நீ பத்தாவதுல எவ்ளோ வாங்கினேன்னு சொல்லட்டுமா?"

"முப்பத்தெட்டு. ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப அந்த எட்டை வலது பக்கம் கொண்டுபோங்க."

வெள்ளைத் தாளை நீட்டினாள். அவர் 5x − 3x = 2 வரை எழுதினார். பேனா அங்கேயே நின்றது. பக்கத்தில் அவள் வைத்திருந்த டீயில் ஆடை படிந்தது.

"எட்டுக்கு முன்னாடி என்ன போடணும், ஜொவி?"

"பிளஸ்."

அவர் பிளஸ் போட்டு எட்டை எழுதினார்.

"நீ சொல்லலேன்னா மைனஸ்தான் போட்டிருப்பேன்." பேனாவைக் கீழே வைத்தார். "பசங்க பரீட்சை எழுதப் போறாங்க. சாருலதாகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது."

பிசியோதெரபி முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மருத்துவர் அப்படிச் சொல்லியிருக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தபின் போன் செய்தாள்.

"சாருலதா, சாருக்கு இனிமே புரூஃப் அனுப்பாதீங்க. வேற ஆளைப் பாருங்க. பழைய தாள் எதையும் அச்சுக்கு விட்டுடாதீங்க, எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்."

ஃபிரெட்ரிக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. ஜொவிட்டா முதல் தாளை எடுத்தாள். முதல் கணக்கின் விடையை x இருந்த இடத்தில் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. இரண்டாவதுக்குப் போனாள்.