கோடையில் பூக்காத அவரை

ஒவ்வோர் இலையாகத் தூக்கி, பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல அடியில் பார்த்துக்கொண்டே போகிறார் பாலாம்பிகை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டார். நோர்பரியில் கவுன்சில் வாடகைக்கு விட்டிருக்கும் தோட்டத் துண்டுக்கு நேரே வந்துவிடுவார். அவர் தேடுவது பூச்சியை அல்ல, மொட்டை.

எண்பத்தாறில் அவர் இங்கே விதைத்த யாழ்ப்பாணத்து அவரைக்கு லண்டன் கோடை நன்றாகவே பிடித்துக்கொண்டது. தடியெல்லாம் ஏறி வேலியையும் பிடித்தது. பூக்க மட்டும் மறுத்தது. பகல் குறுகினால்தான் அதற்குப் பூக்க மனம் வரும். இங்கே பகல் குறுகும்போது குளிரும் வந்து கொடியைக் கொன்றுவிடும். "கலியாணத்துக்கு நாள் பாத்துப் பாத்தே கிழடாப்போற ஆக்கள் மாதிரி" என்பார்.

முதலில் அவரையை ஏமாற்றப் பார்த்தார். பின்னேர வெயில் எரிக்கும்போதே கறுப்புப் பொலித்தீனால் மூடி, இருட்டிவிட்டதாக நம்பவைத்தார். அவரை நம்பியதோ இல்லையோ, யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள். கஞ்சா வளர்ப்பவர்களும் அப்படித்தான் மூடுவார்களாம். வந்த பொலிஸ்காரருக்கு இலையைக் கசக்கி மணக்கக் கொடுத்து, "ஒன்லி கறி, சேர்" என்று அனுப்பிவைத்தார்.

வேலிக்கு அப்பால் நின்று விழுந்து விழுந்து சிரித்தவர் பக்கத்துத் துண்டுக்கார வெள்ளைக்காரர். கஞ்சா வளர்த்து உள்ளே இருந்துவிட்டு வந்தவர். குளிர்நாட்டுக் கஞ்சா ஒன்று பகல் நீளத்தைப் பாராமல், வயது வந்ததும் தானாகவே பூக்குமாம். மற்றக் கஞ்சாவோடு அதைச் சேர்த்தால் பிள்ளைகள் அப்படிப் பூக்காதாம். ஒளிந்திருந்த குணம் பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றில் வெளிவருமாம். "இதை ஆர் சொன்னதெண்டு மட்டும் பத்திரிகையில எழுதிப்போடாதேங்கோ" என்றார் பாலாம்பிகை. எழுதிவிட்டேன்.

அதையே அவரையில் செய்து பார்க்க, அங்கே இன்னொரு துண்டு வைத்திருந்த பெங்களூர்க்காரர் சேஷாத்ரி குட்டை அவரை விதை கொடுத்தார். அது எந்தக் காலத்திலும் பூக்கும். வாயில் வைத்தால் வைக்கோல். அதன் மகரந்தத்தைக் கண்மைத் தூரிகையால் தொட்டு, குளிர்காலத்தில் வீட்டுக் குசினி யன்னலோரம் வளர்த்த யாழ்ப்பாணத்துப் பூவில் வைத்தார் பாலாம்பிகை. பிறந்த பிள்ளைகள் அத்தனையும் தாயைப் போலவே படர்ந்து, கோடை முழுவதும் சும்மா நின்றன. "பிடுங்கி எறியும்" என்றார் கணவர் குகதாசன். பாலாம்பிகையோ ஒரு கொடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் கொண்டுபோய், மார்கழிக் குளிரில் காய்க்கவைத்து விதை எடுத்தார்.

இந்த வருடம், தொண்ணூற்றிரண்டில், நிற்பவை பேரப்பிள்ளைகள். "இதுகளும் பூக்காட்டி துண்டைத் திருப்பிக் குடுத்திடுறன். இனி முழங்காலும் ஏலாது" என்று போன மாதம் சொன்னார்.

போன ஞாயிறு விம்பிள்டன் கோயிலுக்கு அவர்களுடைய காரில் போனேன். வழியில், "ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்" என்று பாலாம்பிகை இறங்கினார். நானும் பின்னால் போனேன். வரிசையின் நடுவில் ஓர் இலைக்கடியில், அரிசியளவில், ஊதா நிறத்தில் ஏதோ இருந்தது. ஜூலை மாதம், தலைக்குமேல் நல்ல வெயில்.

"மொட்டுத்தானே?"

"ஓம், மொட்டுத்தான்" என்றேன்.

தெருவில் குகதாசன் ஹோர்ன் அடித்தார். பாலாம்பிகை பட்டுச்சேலையின் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, புல் மூடிக் கிடந்த அடுத்த பாத்தியில் மண்வெட்டியை இறக்கினார்.