கதவில் சிவப்பு வட்டம்

எங்கள் தெருவில் சிவப்பு பெயிண்ட் என்றால் இடிப்பு என்று அர்த்தம். ரயில் லைனை ஒட்டிய வீடுகளின் கதவில் நம்பர் போட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே வீடே இல்லை. எங்களுக்கும் பட்டா கிடையாது. அதனால் எதிர்வீட்டுக்காரன் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு என் வாசலில் வந்து நின்றபோது கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து ரசாயனக் கம்பெனியில் காஸ் கசிந்தால் தெருவைக் காலி செய்ய அந்தக் கம்பெனிக்காரர்களே ஒரு தொண்டர் படை அமைத்திருந்தார்கள். அதற்கு அவன்தான் தலைவன். அந்தக் கம்பெனியிலேயே கான்ட்ராக்ட் வேலையும் பார்த்தான். சந்தேகப்பட இது போதாதா? இத்தனை வருஷம் புகையைக் குடிக்க விட்டவர்களுக்குத் திடீரென்று எங்கள் மேல் என்ன அக்கறை?

"நடக்க முடியாதவங்க யார்னா கீறாங்களாக்கா? கதவுல ஒரு ரவுண்டு போட்டுடுவோம். காஸ் வந்தா மொதல்ல அந்த வூட்டுக்குத்தான் ஓடியாருவோம்."

உள்ளே, திரைக்குப் பின்னால், பக்கவாதத்தில் விழுந்த என் அப்பா படுத்திருந்தார்.

"யாரும் இல்ல. எங்க நைனா கும்மிடிப்பூண்டில தம்பி வூட்டுக்குப் போய்க்கீறாரு."

அவன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு தெருவுக்கே கேட்கும்படி பாடம் எடுத்தான்.

"ஓட முடியாதவங்க துண்டை நனைச்சு மூக்கு, வாயி எல்லாம் மூடிக்கினு படுத்துக்கணும். நாங்க வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

என் வாசலில் நின்றுகொண்டு எதற்கு இந்தக் கத்தல்? அதையும் நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டேன். யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

ஒரு நாள் மதியம் ரசாயனக் கம்பெனியின் அபாயச் சங்கு ஊதியது. தையல் கம்பெனியிலிருந்து ஓடி வந்தேன். கண் எரிந்தது. தெருமுனையில் கயிறு கட்டி, ஜனங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழையப் போன என்னை ஒரு தொண்டன் மறித்தான்.

"எங்க நைனா உள்ள கீறாரு!"

"லிஸ்ட்ல அந்த வூட்ல யாரும் இல்லயே. நகை எடுக்கப் போறியா?"

அவன் என்னை நம்பவில்லை. என் பொய் அவன் கையில் எழுத்தாக இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரன் ஓடி வந்தான்.

"சந்தேகத்துல கதவைத் தட்டிப் பாத்தேன்க்கா. நைனான்னு கூப்ட்டேன். சத்தமே இல்ல. சாவியக் குடு."

சாவியை அவன் கையில் திணித்தேன். வாயை மூடிக்கொண்டு கிடக்கச் சொன்னவள் நான்தானே.

சிறிது நேரத்தில் இரண்டு பேர் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். முகத்தில் ஈரத்துண்டு. விளங்காத கையை விட்டுவிட்டு, நல்ல கையால் தலைமாட்டுச் சொம்புத் தண்ணீரைத் துண்டில் ஊற்றி, தானே மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். திரைக்குப் பின்னால் இருந்தபடியே அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரன் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். அப்போதும், இடிப்புக்காரர்கள் இந்தச் சிவப்பைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"நல்லா பெர்சா போடுப்பா. இல்லாங்காட்டி இவ என்னை மறுபடியும் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிடுவா."